நீக்கக் காரணம்

"அம்மா, அவளை என் மனசுலேர்ந்து எடுத்துடுங்க" என்றார் ஏகாம்பரம்.

"எதுக்கு?"

"ஒரு படிவம் நிரப்பணும்."

அம்மா புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"இது நாலாவது தடவை ஐயா. வாயத் திறந்தா இதே வாசகம். அடுத்த தடவை அச்சடிச்சே கொண்டாந்து குடுத்துடுங்க, பேசற சிரமமாவது மிச்சம்."

அந்த மலையடிவாரத்து மடத்தில் அம்மா என்றால் பொன்னுருவி. வயது நாற்பத்து நான்கு. ஏகாம்பரத்துக்கு ஐம்பத்தாறு. அம்மாவுக்கு ஞானம் உண்டு என்று சுற்றுப்பட்டு ஊர்களில் சொல்வார்கள். பொறுமை உண்டு என்று யாரும் சொன்னதில்லை.

ஏகாம்பரம் விருத்தாசலத்தில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு புள்ளி விடுபட்டுப் போகாது. ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். யாரும் எழுப்பிக் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

அவர் மனைவி தையல்நாயகி அவரை விட்டுப் போய் நான்கு வருடமாகிறது. சண்டை ஒன்றும் இல்லை. ஒரு நாள் காலையில், "இருபத்தாறு வருஷம் நான் பேசினதையெல்லாம் திருத்தினீங்க. மிச்ச காலத்துக்குத் தப்புத் தப்பாவே பேசிட்டுப் போறேன், விடுங்க" என்று சொல்லிவிட்டுச் சீர்காழியில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். கோர்ட்டிலும் எல்லாம் முடிந்தாயிற்று.

ரேஷன் அட்டையில் மட்டும் முடியவில்லை. அதில் இன்னும் இரண்டு பெயர். குடும்பத் தலைவர் ஏகாம்பரம், மனைவி தையல்நாயகி.

இங்கே பெயரை நீக்கினால்தான் அங்கே அக்காவின் அட்டையில் சேர்ப்பார்கள். நீக்கச் சொல்லி இங்கே குடும்பத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். தையல்நாயகி இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். படிவத்தையும் அவரே வாங்கித் தபாலில் அனுப்பியிருந்தார். கடைசியாக வந்த கடிதத்தில், வருகிற வெள்ளிக்கிழமைக்குள் தாலுகா ஆபீஸில் கொடுத்துவிடுங்கள் என்று இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை இன்றுதான். மணி பதினொன்று.

"கையெழுத்துப் போடறதுக்கும் மனசுக்கும் என்ன ஐயா சம்பந்தம்?"

"அதுல ஒரு கட்டம் இருக்கு அம்மா. நீக்கக் காரணம்னு. இறப்பு, திருமணம், பிற. மூணே மூணுதான். அவ உசுரோட இருக்கா. வேற கல்யாணமும் பண்ணிக்கலை. பிறன்னு போட்டா, என்னன்னு விவரம் எழுதணும்."

"எழுதுங்க."

"என்னன்னு எழுதறது? விவாகரத்துன்னா அது கோர்ட்டு குடுத்த தீர்ப்பு, காரணம் இல்லை. அவமேல எனக்குப் பிரியம் இல்லைன்னா எழுதறது? அது பொய்யாச்சே. அச்சுல ஆயிரம் பொய் ஏறும், அது முதலாளி பாடு. என் கையால நான் எழுத மாட்டேன்."

"பிரியம் இல்லைன்னு எழுதுங்கன்னு உங்ககிட்ட யாரு கேட்டா?"

"அதைத் தவிர ஒருத்தர் பேரை நீக்க வேற என்னம்மா காரணம் இருக்க முடியும்?"

அம்மா ஒரு சுளை புளியை வாயில் போட்டுக்கொண்டார். வாயில் ஏதாவது இருந்தால் திட்டு வெளியே வராது என்பது அவருடைய கணக்கு.

"அதனால நீங்க முதல்ல பிரியத்தை எடுத்துடுங்க. அப்புறம் ஒரு நிமிஷத்துல நிரப்பிடுவேன்" என்றார் ஏகாம்பரம், மிகவும் நியாயமான ஒரு யோசனையைச் சொல்பவர்போல.

முதல் தடவை வந்தபோது அம்மா, "கையெழுத்தப் போடுங்க" என்று ஒரே வரியில் முடித்தார். ஏகாம்பரம், "கையெழுத்தை" என்றார். இரண்டாம் தடவை அம்மா வாயே திறக்கவில்லை. மௌன உபதேசம் என்று எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்ப் பதினைந்து நாள் யோசித்தார். அது உபதேசம் இல்லை, எரிச்சல். மூன்றாம் தடவை அவர் தலை தெரிந்ததும் அம்மா பின்வாசல் வழியாகத் தோட்டத்துக்குப் போய்விட்டார். ஏகாம்பரம் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, நாம்தான் இன்னும் பக்குவப்படவில்லை என்று தன்னையே நொந்துகொண்டு பஸ் ஏறினார்.

இப்படிப்பட்ட ஆளை என்ன செய்வது, சொல்லுங்கள்.

"நானும் முயற்சி பண்ணாம இல்லை அம்மா" என்றார். "ராமேசுவரம் போய் முழுக்குப் போட்டேன். அவ வைக்கற வத்தக்குழம்பு ஞாபகத்துக்கு வரக் கூடாதுன்னு ஒரு மண்டலம் குழம்பையே தொடலை. எட்டுக் கிலோ இளைச்சேன். பிரியம் இளைக்கலை."

"ரேஷன்ல அவங்க பங்கு சர்க்கரைய என்ன பண்றீங்க?"

ஏகாம்பரம் தரையைப் பார்த்தார்.

"வாங்கறேன்."

"வாங்கி?"

"தனியா டப்பால போட்டு வைக்கறேன்."

"நாலு வருஷமா?"

"எறும்பு வராம மூடி போட்டு…"

"போதும்."

அம்மா முறத்தைத் தள்ளி வைத்தார். "எங்க, அந்தத் தாளக் காட்டுங்க."

ஏகாம்பரம் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உறைக்குள் இன்னோர் உறை. அதற்குள் படிவம். இரண்டு வருடத்தில் ஒரு மடிப்புக்கூட விழவில்லை. எல்லாக் கட்டமும் வெறுமையாக இருந்தது. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் சிவப்பு மையில் ஒரு சின்னக் குறி, அதன் மேலே ஓர் எழுத்து.

"இதென்ன?"

"நீக்க காரணம்னு அச்சடிச்சிருந்தாங்க. நடுவுல க் வரணும். போட்டேன்."

அம்மா தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் சுத்தமாக இருந்தது.

"ரெண்டு வருஷமா அந்தப் பொம்பளை கேட்டுட்டு இருக்காங்க. ரெண்டு வருஷத்துல நீங்க எழுதினது ஒரு எழுத்து."

"மெய்யெழுத்து அம்மா."

"ஐயா, எனக்குக் கோபம் வருது."

"வரட்டும் அம்மா. குருவோட கோபம் சிஷ்யனுக்குப் பிரசாதம்னு…"

"வாய மூடுங்க."

ஏகாம்பரம் மூடினார். தோட்டத்தில் ஒரு செம்போத்து இரண்டு தடவை கத்தி ஓய்ந்தது.

"அவங்க எழுதின கடிதாசியெல்லாம் இருக்கா?"

"அஞ்சும் இருக்கு" என்று இன்னோர் உறையை எடுத்தார். அதை எடுக்கும்போது அவர் முகமே மாறிவிட்டது. இரண்டு கையாலும் கொடுத்தார்.

அம்மா பிரித்தார். கடிதம் முழுக்கச் சிவப்பு. வட்டம், கோடு, கொக்கி, ஓரத்தில் எண்.

"பொண்டாட்டி எழுதின கடிதாசிய உக்காந்து திருத்தியிருக்கீங்களா?"

"திருப்பி அனுப்பலையே அம்மா. கண்ணுல பட்டுடுது. கை தானா போயிடுது."

"இந்த நம்பரு?"

"மொத்தப் பிழை. முதல் கடிதாசியில மூணுதான். அவ நல்லா எழுதுவா அம்மா, எழுத்து முத்து முத்தா இருக்கும். ரெண்டாவதுல ஒம்பது. அப்புறம் பதினாறு. அப்புறம் இருபத்தேழு." நிறுத்திக்கொண்டார். "கடைசியில நாப்பத்தொண்ணு. மொத்தமே ஒண்ணேகால் பக்கம்தான்."

அவர் அம்மா கையிலிருந்த கடிதத்தைச் சுட்டிக் காட்டினார்.

"புள்ளியே வைக்கறதில்லை. வச்சாலும் பக்கத்து எழுத்து மேல வைக்கறா. வரி மேல வரி ஏறுது. எனக்கு எழுதறதுன்னா அவ்வளவு அலட்சியம். ஒரு புள்ளி வைக்கக்கூட அவளுக்கு மனசு வரலை பாருங்க."

சிரிப்பு வரும்தான். ஆனால் மனிதருக்கு அது உண்மையான வலி. ஒவ்வொரு கடிதமும் வரும்போது பிரித்து, எண்ணி, போன தடவையைவிடக் கூடுதலாக இருப்பதைப் பார்த்து, அன்றைக்கு இரவு சாப்பிடாமல் படுத்திருக்கிறார்.

அம்மா கடைசிக் கடிதத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். வெகுநேரம் படித்தார்.

"ஓரத்துல எழுவாய்னு எழுதி கேள்விக்குறி போட்டிருக்கீங்களே, அது எதுக்கு?"

"அந்த வாக்கியத்துல எழுவாய் இல்லை அம்மா. 'ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அட்டையில் பெயர் இருந்தால்தான் சேர்ப்பார்களாம்.' அவ்வளவுதான் இருக்கு. யாரு சேரணும்? சொல்லலை."

"யாருன்னு நீங்க நெனைக்கறீங்க?"

"அவ அக்காதான். அவங்களுக்குச் சர்க்கரை வியாதி."

"அக்கா ஆஸ்பத்திரியில சேர, தங்கச்சி பேரு எதுக்கு அட்டையில?"

ஏகாம்பரம் யோசித்தார்.

"அதைத்தான் நானும் சொல்றேன். வாக்கியம் சரியில்லை."

அம்மா எழுந்தார். மடத்தில் இருக்கிறவர்களுக்கு அந்த எழுந்திருத்தல் தெரியும். அது வந்தால் ஆளாளுக்கு ஒரு வேலை ஞாபகம் வந்து நகர்ந்துவிடுவார்கள். ஏகாம்பரத்துக்குத் தெரியாது. அவர் உபதேசம் வருகிறதென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அம்மா நேராக வந்தார். புளி அப்பிய இரண்டு கட்டைவிரலையும் அவர் மூக்குக்கண்ணாடி மேல் வைத்து, இரண்டு சில்லிலும் நன்றாகத் தேய்த்துவிட்டார்.

"அம்மா!"

"தொடைக்கக் கூடாது."

"ஒண்ணும் தெரியலை அம்மா!"

"பேனாவ எடுங்க. எழுதுங்க."

"என்னத்தை எழுதறது, புளி வழியுது…"

"இந்தக் கடிதாசியோட முதல் ரெண்டு வரி மனப்பாடமா இருக்கும்ல? அதை எழுதுங்க. எழுதுங்கன்னா எழுதுங்க!"

மனப்பாடமாகத்தான் இருந்தது. ஐந்து கடிதமும் அப்படித்தான். அம்மா நாள்காட்டியிலிருந்து நேற்றைய தாளைக் கிழித்து, வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி அவர் முன்னால் போட்டார். ஏகாம்பரம் தாளைக் கையால் தடவித் தேடினார். மூக்கு தாளில் முட்டும் அளவுக்குக் குனிந்து, பழுப்பு மங்கலுக்குள் எழுதினார்.

'அக்கா வீட்டில் எல்லோரும் நலம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? வெயிலில் குடை இல்லாமல் போகாதீர்கள்.'

ரொம்ப நேரம் பிடித்தது. கழுத்து வலித்தது. நடுவில் ஒரு தடவை எந்த இடத்தில் இருக்கிறோம் என்றே தெரியாமல் விரலை வைத்துத் தடவினார்.

"முடிஞ்சுதா? இப்பத் தொடைங்க."

வேட்டி முனையால் துடைத்து மாட்டிக்கொண்டு தாளைப் பார்த்தார். பழக்கம் விடுமா, கை தானாகச் சிவப்புப் பேனாவுக்குப் போயிற்று.

வீட்டில் என்பதில் ல்-லுக்குப் புள்ளி இல்லை. வைத்தார்.

நீங்கள் என்பதில் புள்ளி க மேல் இருந்தது. வட்டம் போட்டார்.

மூன்றாவது பிழைக்குப் போன பேனா அங்கேயே நின்றுவிட்டது.

இரண்டாவது வரி முதல் வரிமேல் ஏறியிருந்தது.

ஏகாம்பரம் தையல்நாயகியின் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இதைப் பார்த்தார். அதைப் பார்த்தார். மறுபடி இதைப் பார்த்தார்.

"அம்மா" என்றார்.

அம்மா செம்புத் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அவளுக்குக் கண்ணு தெரியலை அம்மா."

அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"ஒவ்வொரு கடிதாசிக்கும் குறைஞ்சுகிட்டே வந்திருக்கு. மூணு, ஒம்பது, பதினாறுன்னு நான் உக்காந்து எண்ணிகிட்டு இருந்திருக்கேன்."

ஏகாம்பரம் அழுதார். வாய்விட்டு, குழந்தைகள் அழுவதுபோல அழுதார். அம்மா தேற்றவில்லை, அவருக்கு அது வராது. செம்பை அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டதும் ஏகாம்பரம் எழுந்து நின்றார். முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அம்மாவுக்கு அந்தத் தெளிவைப் பார்த்ததுமே சந்தேகம் வந்துவிட்டது.

"நான் இப்பவே சீர்காழி போறேன்" என்றார். "அவளை நம்ம வீட்டுக்கே கூட்டிட்டு வந்துடறேன். நானே ஆஸ்பத்திரியில சேக்கறேன். என் அட்டையிலதான் பேரு இருக்கே! இதுலயே சேத்துக்குவாங்களே! பாருங்க அம்மா, நீக்காம வச்சிருந்தது எவ்வளவு நல்லதாப் போச்சு!"

"உக்காருங்க!"

அந்தச் சத்தத்தில் செம்போத்து தோட்டத்தை விட்டே பறந்துபோயிற்று. ஏகாம்பரம் உட்கார்ந்தார்.

"கூப்பிட்டாங்களா உங்கள?"

"இல்லை."

"அஞ்சு கடிதாசியில எங்கயாவது ஒரு ஓரத்துல, வாங்கன்னு இருக்கா?"

"இல்லை."

"கூட்டிட்டுப் போங்கன்னு இருக்கா?"

"இல்லை அம்மா. ஆனா அவ வாய் விட்டுக் கேக்க மாட்டா. நாமதான் புரிஞ்சுகிட்டு…"

"கேக்க மாட்டாங்களா? ரெண்டு வருஷமா கேட்டுட்டே இருக்காங்க. கண்ணு மங்கி, எழுத்து தடுமாறி, அப்பவும் குனிஞ்சு உக்காந்து கேட்டிருக்காங்க. உங்க காதுல விழலை. ஏன்னா அவங்க கேட்டது உங்களுக்குப் பிடிக்கலை. அதனால அதையும் திருத்தி, வேற ஒண்ணா ஆக்கிக்கறீங்க." அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "அவங்க என்ன கேட்டாங்க? படிங்க. இருக்கறத இருக்கறபடி படிங்க."

ஏகாம்பரம் கடைசிக் கடிதத்தை எடுத்தார்.

"'தயவுசெய்து என் பெயரை நீக்கிக் கொடுங்கள்.'"

அந்த ஒரு வரியில் ஐந்து பிழை இருந்தது. ஒன்றையும் அவர் சொல்லவில்லை.

"இன்னொரு தடவை."

"'என் பெயரை நீக்கிக் கொடுங்கள்.'"

கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். அம்மா முறத்தை இழுத்துக்கொண்டு மறுபடி கொட்டை எடுக்கத் தொடங்கினார். ஒரு தடவை வெயில் எங்கே வந்திருக்கிறது என்று வாசலைப் பார்த்துக்கொண்டார். மலையைச் சுற்றிக்கொண்டு வரும் பன்னிரண்டு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது நாலரைக்கு. தாலுகா ஆபீஸ் அதற்காகக் காத்திருக்காது.

ஏகாம்பரம் படிவத்தைத் தொடைமேல் வைத்துக்கொண்டார். நீலப் பேனாவை எடுத்தார். பெயர், அட்டை எண், நீக்க வேண்டியவர் பெயர் எல்லாம் எழுதினார். தையல்நாயகி என்று எழுதும்போது மட்டும் நிதானமாக, ல்-லுக்குப் புள்ளியை நேராக வைத்து எழுதினார்.

அப்புறம் அந்தக் கட்டம் வந்தது. 'பிற' என்பதற்கு நேரே டிக் போட்டார். விவரம் என்ற இடத்தில் பேனா நின்றது. அம்மாவின் கையும் புளியில் நின்றது.

'அவர் கேட்டார்.'

இரண்டே சொல்தான் எழுதினார். கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார்.

அம்மா எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நான்கு தடவை வந்ததில் இன்றுதான் அவர் எதையோ சரியாகச் செய்திருக்கிறார் என்று அந்த மௌனத்துக்கு அர்த்தம். அதை ஏகாம்பரம் இந்தத் தடவை தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

மலைத் திருப்பத்தில் ஹாரன் சத்தம் கேட்டது.

ஏகாம்பரம் தாளை உறையில் போட்டார், உறையை இன்னோர் உறையில் போட்டார், பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனார். அங்கே நின்றுவிட்டார்.

"இன்னும் என்ன?" என்றார் அம்மா.

"எழுதிட்டேன் அம்மா. ஆனா பிரியம் அப்படியேதான் இருக்கு. ஒரு பொட்டும் குறையலை. அது போகவே இல்லையே?"

அம்மா கண்ணை மூடித் திறந்தார்.

"அந்தத் தாள்ல அதுக்கு ஏதாவது கட்டம் இருக்கா?"

ஏகாம்பரம் உறையைப் பிரித்து, படிவத்தை எடுத்து, முன்பக்கமும் பின்பக்கமும் பார்த்தார்.

"இல்லை அம்மா."

"அப்ப அதை யாரும் உங்ககிட்ட கேக்கலை. ஓடுங்க, பஸ் போயிடும்."